விண்ணப்பத்தை வாசித்தல்: குழந்தை மருத்துவரும் ஆய்வு நிதியும்

மனு எழுதுவது நமக்குப் புதிதல்ல. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவரிடம் ஒரு பெண் பத்து நிமிஷம் அழுது சொல்வதை, 'ஐயா, நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்' என்று தொடங்கி ஒரே பக்கத்தில் அவர் அடக்கிவிடுவார். அழுகை காணாமல் போயிருக்கும், சர்வே எண் வந்திருக்கும். அரசின் காதுக்கு எது கேட்கும், எது கேட்காது என்பது அவருக்கு அத்துப்படி. எழுத்து பற்றிய நமது விவாதங்களில் இவர் வருவதேயில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கட்டுரை இன்னொரு வகை மனுவைப் பற்றியது. எழுதுகிறவர் குழந்தை மருத்துவர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் படித்துப் பயிற்சி முடித்தவர். வார்டில் கண்ட ஒரு கேள்வியை ஆராய அவருக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்துக்கு யாராவது சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்காக அவர் எழுதுகிற பன்னிரண்டு பக்கம்தான் நமது பிரதி. இதெல்லாம் நமக்கெதுக்கு என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. மருந்துக் கம்பெனிகளின் அதிகாரம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், விண்ணப்பப் படிவத்தின் அதிகாரம் பற்றிப் பேசியதில்லை. எந்தக் குழந்தையின் எந்த நோய் கேள்வியாக ஏற்கப்படும் என்பது ஆய்வுக்கூடக் கதவு திறப்பதற்கு முன்பே, பாதிக்கு மேல், இந்தப் பக்கங்களில் முடிவாகிவிடுகிறது.

1

1950களின் பிற்பகுதி, பாஸ்டன் நகரம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் ஓரிரு நாளில் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்தன. பிரேதப் பரிசோதனையில் நுரையீரலின் காற்றறைகளுக்குள் கண்ணாடி போன்ற ஒரு சவ்வு படிந்திருப்பது தெரியும். அந்தச் சவ்வு எங்கிருந்து வந்தது என்பதே அப்போதைய பேச்சு. மேரி எல்லன் ஏவரி என்கிற இளம் குழந்தை மருத்துவர் (அவருக்கே முன்பு காசநோய் வந்து, அதிலிருந்து நுரையீரல் மேல் ஒரு கண் விழுந்திருந்தது) வேறொன்றைக் கவனித்தார். இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் நுரை இல்லை. மற்றவர்கள் இருப்பதைப் பார்த்தார்கள், இவர் இல்லாததைப் பார்த்தார்.

அமெரிக்க ராணுவத்தின் விஷவாயு ஆய்வு நிலையத்தில் ஜான் கிளமென்ட்ஸ் என்பவர் நுரையீரல் திரவத்தின் பரப்பு இழுவிசையை அளக்கும் வழியொன்றைக் கண்டிருந்தார். ஏவரி அங்கே போய் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். உடலியங்கியல் அறிஞர் ஜெரி மீட் உடன் சேர்ந்து 1959இல் கட்டுரை வெளியிட்டார். மூச்சை வெளிவிடும்போது காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருள் குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் இன்னும் ஊறியிருக்கவில்லை, நோய்க்குக் காரணம் அந்தக் குறைதான் என்றது அது. 1963 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் இதே நோயில் 39 மணி நேரம் வாழ்ந்து இறந்தான். காரணம் தெரிந்து நாலு வருஷம் ஆகியும் கொடுக்க மருந்தில்லை. 1980இல் ஜப்பானில் புஜிவாராவும் சகாக்களும் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துத் தயாரித்த பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். அமெரிக்காவில் இவ்வகை மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்தது 1990இல். இன்று நம்மூர்ப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 'சர்பாக்டன்ட் போட்டாச்சா' என்று கேட்கிறார்களே, அந்தச் சொல்லின் பூர்வகதை இது.

இங்கே கவனிக்க வேண்டியது ஏவரியின் மேதைமையை மட்டுமல்ல. வார்டில் குழந்தை சாவதைப் பார்த்த அதே ஆளுக்கு, ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பரப்பு இழுவிசை கற்க இரண்டு மூன்று வருஷம் கொடுக்கப்பட்டது. நோயாளியைப் பார்க்கிற கண்ணும் கருவியைத் தொடுகிற கையும் ஒரே உடம்பில் இருந்தன. இந்த உடம்புக்குத்தான் மருத்துவ விஞ்ஞானி என்று பெயர்.

1979இல் ஜேம்ஸ் விங்கார்டன் என்கிற அமெரிக்க மருத்துவ அறிஞர் இந்த இனம் அழிந்து வருகிறது என்று, காட்டு விலங்கைச் சொல்வதுபோல, ஒரு கட்டுரை எழுதினார். அவரே பிறகு அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு (இனி என்.ஐ.எச்.) இயக்குநரானார். அந்நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கைப்படி அமெரிக்க மருத்துவர்களில் ஆய்வை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 1.5 சதவீதம். முப்பத்தைந்து வருஷப் புலம்பலுக்குப் பிறகு வந்த கணக்கு.

2

காரணம் ஒன்றும் மர்மமில்லை. அங்கே கடன் வாங்கி மருத்துவம் படிப்பவர் வெளியே வரும்போது தலைமேல் ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர் இருக்கும். அதன்பிறகு மூன்று வருஷம் குழந்தை மருத்துவப் பயிற்சி, உட்பிரிவு என்றால் இன்னும் மூன்று. குழந்தை மருத்துவம் அங்கே குறைந்த வருமானத் துறைகளில் ஒன்று. குழந்தைகள் சார்பில் பணம் செலுத்துவதில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டின் பங்கு பெரிது, அதன் கட்டணமோ குறைவு. இந்த நிலையில் ஒருவர் ஆய்வுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் கேட்கிற கேள்வி உலகெங்கும் ஒன்றுதான்.

என்.ஐ.எச். இதற்கென்று 'கே' வரிசை என்று சில நிதியுதவிகளை வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடம் சார்ந்த மருத்துவருக்கு கே08, நோயாளிகளை நேரில் வைத்துச் செய்யும் ஆய்வுக்கு கே23. மூன்று முதல் ஐந்து ஆண்டு. கையில் வருகிற தொகையைவிட இதன் உயிர்நாடி ஒரு நிபந்தனையில் இருக்கிறது: பெறுகிறவர் தன் உழைப்பு நேரத்தில் குறைந்தது 75 சதவீதத்தை ஆய்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். அதாவது அரசு மருத்துவமனையிடமிருந்து மருத்துவரின் நேரத்தை விலைக்கு வாங்குகிறது. 'பாதுகாக்கப்பட்ட நேரம்' என்பது இதற்கு அவர்கள் வைத்த பெயர். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டால் விஷயம் விளங்கிவிடும். ஓ.பி. க்யூவிடமிருந்து, ராத்திரி டியூட்டியிடமிருந்து, 'இந்த மாசம் எத்தனை நோயாளி பார்த்தீங்க' என்று கணக்குக் கேட்கிற நிர்வாகத்திடமிருந்து.

ஆனால் அரசு கொடுக்கிற சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. மருத்துவரின் உண்மைச் சம்பளத்தில் முக்கால்வாசிக்கு அது பெரும்பாலும் எட்டாது, மீதியை மருத்துவமனை போட வேண்டும். எனவேதான் விண்ணப்பத்தோடு துறைத் தலைவரின் கடிதமும் வைக்கப்படுகிறது. 'விண்ணப்பதாரர் மிகச் சிறந்தவர்' என்று நாலு பத்தி எழுதிய கடிதத்துக்கு மதிப்பில்லை. இந்த நிதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவருக்கு வேலையும் இடமும் இவ்வளவு நேரமும் உண்டு என்று எழுதியிருக்கிறதா என்றுதான் படிப்பவர்கள் தேடுகிறார்கள். கிடைத்தால்தான் வேலை என்று தொனித்தால் நிறுவனத்துக்கே இவர் மேல் நம்பிக்கையில்லை என்று அர்த்தமாகிவிடும். படிப்புக்கடனை அடைக்கத் தனித்திட்டம் உண்டு. ஆண்டுக்கு 50,000 டாலர் வரை, குழந்தைகள் சார்ந்த ஆய்வுக்கென்றே ஒரு பிரிவுடன். அது தெரியாமலே பலர் காலம் கடத்திவிடுவதாகக் கேள்வி.

3

இனி பிரதிக்குள் வருவோம்.

கே விண்ணப்பத்தை ஐந்து கண்ணால் பார்க்கிறார்கள்: ஆள், அவருடைய பயிற்சித் திட்டம், ஆய்வுத் திட்டம், வழிகாட்டி, நிறுவனம். வழக்கமான ஆய்வு நிதியில் ஆய்வுக்குத்தான் காசு. இங்கே ஆளுக்கு. முதல்முறை எழுதுகிற மருத்துவர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். பன்னிரண்டு பக்கத்தில் பத்தை ஆய்வுத் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, தன்னைப் பற்றி 'எனக்குச் சிறுவயது முதலே குழந்தைகள் மேல் பிரியம்' என்று முடித்துவிடுகிறார்கள். கேட்கப்படுவது பிரியமில்லை. இதுவரை என்ன கற்றாய், எது தெரியாமல் இந்த இடத்தில் நிற்கிறாய், அந்தத் தெரியாமையை ஐந்தாண்டில் எந்தப் பாடத்தால், யாரிடம் உட்கார்ந்து போக்கிக் கொள்வாய் என்பதுதான்.

இதிலுள்ள விசித்திரத்தைப் பாருங்கள். விண்ணப்பதாரர் தன் போதாமையை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி எதற்கு. அதே மூச்சில் தன் தகுதியை நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் காசு எதற்கு. போதாமையும் ஒழுங்குபட்டதாக இருக்க வேண்டும். 'எனக்குப் புள்ளியியல் தெரியாது' என்றால் அது குறை. 'தொடர்கண்காணிப்புத் தரவுகளைப் பகுத்தாயும் முறைகளில் எனக்குப் பயிற்சி தேவை, அதனால் முதல் ஆண்டில் இன்ன வகுப்பு, இரண்டாம் ஆண்டில் இன்ன வழிகாட்டி' என்றால் அதே குறை திட்டமாகிவிடுகிறது. மிஷேல் பூக்கோ 1975இல் வெளிவந்த தன் சிறைச்சாலை பற்றிய நூலில், தேர்வு என்கிற சடங்கு மனிதரை எழுதப்பட்ட ஆவணமாக, ஒரு 'கேஸ்' ஆக மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறார். வாழ்நாள் பூராவும் கேஸ் ஷீட் எழுதியவர் இங்கே தானே ஒரு கேஸ் ஆகிறார். ஒப்புதல் வாக்குமூலமும் வாக்குறுதியும் கலந்த புதுவகைத் தன்னிலை ஒன்றை இப்படிவம் உற்பத்தி செய்கிறது என்றுகூடச் சொல்லலாம். மனு எழுதித் தருகிற நம் மரத்தடிக்காரர் இதை வேறு வார்த்தையில் சொல்வார்: கேக்கிறவன் காதுக்குத் தக்கன சொல்லணும்.

ஆய்வின் நோக்கங்களைச் சொல்கிற ஒரு பக்கம் தனி. அதைத்தான் எல்லாரும் படிப்பார்கள், சிலர் அதை மட்டுமே படிப்பார்கள். குழுவில் இருபது பேர் இருந்தாலும் ஒரு விண்ணப்பத்தை முழுசாகப் படிக்கப் பணிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மூன்று பேர்தான். மற்றவர்கள் அந்த மூவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இந்த ஒரு பக்கத்தைப் புரட்டி மதிப்பெண் போடுகிறவர்கள். எனவே அந்தப் பக்கம், நுரையீரலே தெரியாத சிறுநீரக மருத்துவருக்கும் புரிய வேண்டும். பெரும்பாலும் இரண்டோ மூன்றோ நோக்கம் சொல்வார்கள். முதல் நோக்கம் தோற்றால் இரண்டாவது செத்துப்போகும்படி அமைப்பது பழம்பெரும் தவறு. குறைமாதக் குழந்தையின் சளியில் ஒரு குறியீட்டுப் பொருளைக் கண்டுபிடிப்பேன் என்பது முதல் நோக்கமாகவும், அதை வைத்து நோயை முன்கூட்டிச் சொல்வேன் என்பது இரண்டாவதாகவும் இருந்தால், 'கண்டுபிடிக்காவிட்டால்?' என்ற ஒற்றைக் கேள்வியில் கட்டடம் சரிந்துவிடும். இதைவிடப் பெரிய தவறு பேராசை. ஐந்தாண்டில் இரண்டாயிரம் குழந்தைகளைத் தொடர்வேன் என்று எழுதுகிறவர் தன் வார்டில் வருஷத்துக்கு எத்தனை குழந்தை சேர்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

மதிப்பெண் 1 முதல் 9 வரை, 1தான் சிறப்பு. ஏறத்தாழ பாதி விண்ணப்பங்கள் குழுவில் பேசப்படாமலே கழிக்கப்படுகின்றன, எழுத்துக் குறிப்புகள் மட்டும் வீட்டுக்கு வரும். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் மேஜைக்குள் பூட்டி வைப்பது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஒரே ஒரு முறை திருத்தி மறுபடி அனுப்பலாம், அதற்கு முகப்பில் ஒரு பக்கப் பதில் எழுத வேண்டும். சண்டை போடுகிற பதிலும் சரணாகதி அடைகிற பதிலும் எடுபடாது. ஏற்பதை ஏற்று, எங்கே மாற்றினேன் என்று காட்டி, ஏற்காததை ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். நமது இலக்கியச் சண்டைகளில் இந்த வழக்கம் இருந்திருந்தால் எத்தனையோ மைச் செலவு மிச்சமாகியிருக்கும்.

4

வயது வந்தோரை ஆராய்பவருக்கும் இதெல்லாம் பொருந்தும்தானே, குழந்தை மருத்துவருக்கு என்ன விசேஷம்?

முதலாவது, குழந்தை பேசாது, கையெழுத்தும் போடாது. பெற்றோர் சம்மதிக்க வேண்டும், விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையும் ஒப்ப வேண்டும். நல்ல காலமாக இது சட்டம். ஆனால் இந்தப் பாதுகாப்பின் மறுபக்கம் நீண்டகாலம் கவனிக்கப்படாமலே இருந்தது. 1950களில் குளோரம்பெனிக்கால் என்கிற மருந்தைப் பெரியவர்களின் கணக்கில் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்து, அவை சாம்பல் நிறமாகிச் செத்தன. முதிராத ஈரலால் அந்த மருந்தைக் கழிக்க முடியவில்லை என்பது 1959 வாக்கில்தான் விளங்கியது. குழந்தையை ஆராயக்கூடாது என்று விலக்கி வைத்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்து கொடுப்பதே பதிவு செய்யப்படாத ஆராய்ச்சி ஆகிவிடுகிறது. ஹாரி ஷர்கி 1968இல் குழந்தைகளை 'சிகிச்சை அநாதைகள்' என்று அழைத்தது இதனால்தான். குழந்தைகளை ஆய்வில் சேர்க்க வேண்டும், விலக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்று என்.ஐ.எச். விதி செய்ய 1998 ஆயிற்று.

இரண்டாவது, எண்ணிக்கை. குழந்தைகளின் கடும் நோய்கள் பலவும் அரிதானவை. ஒரு மருத்துவமனையில் வருஷத்துக்கு ஆறு பேர் வருகிற நோய்க்கு ஐந்தாண்டில் முப்பது பேர்தான். 'மாதிரி அளவு போதாது' என்ற வரி, மதிப்பீட்டாளரின் பேனாவில் தயாராக இருக்கும். பல மருத்துவமனைகளைச் சேர்த்துச் செய்யலாம், ஆனால் அதைச் செய்ய முதுநிலை ஆய்வாளராக இருக்க வேண்டும். தொடக்க நிலைக்காரர் ஏற்கெனவே யாரோ திரட்டி வைத்த பதிவேட்டில் ஒட்டிக்கொண்டு தன் கேள்வியைக் கேட்பதுதான் நடைமுறையில் வழி. அல்லது யூட்டா மாநிலத்தின் திராஷர் நிதியம் போலக் குழந்தைகளுக்கென்றே இயங்குகிற அமைப்பிடம் சிறுதொகை வாங்கி, முன்தரவு திரட்டிக்கொண்டு பெரிய கதவைத் தட்ட வேண்டும்.

மூன்றாவது, குழந்தை வளர்கிறது. இரண்டு வயசில் கொடுத்த சிகிச்சையின் பலனை இருபது வயசில்தான் பார்க்க முடியும். நிதியோ ஐந்தாண்டு. குழந்தையின் காலமும் கருவூலத்தின் காலமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு கடிகாரங்கள். ஆகவே இளம் ஆய்வாளர் குழந்தையின் முடிவை விட்டுவிட்டு, ஐந்தாண்டுக்குள் அளக்க முடிகிற ஒரு பொருளைத் தேடிப் போகிறார். ரத்தத்தில் ஒரு புரதம், ஸ்கேனில் ஒரு நிழல். பல நேரம் இது நல்ல அறிவியல்தான். சில நேரம் கேள்வியே கைமாறிப் போய்விடுகிறது.

5

சரி, யாருக்குக் கிடைக்கிறது?

ஸ்வீடனில் கிறிஸ்டீன் வென்னெரோஸ், அக்னெஸ் வோல்ட் என்கிற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 1995இல் அந்நாட்டு மருத்துவ ஆய்வுக் கழகத்திடம், இளம் ஆய்வாளர்களுக்கான நிதிக்கு வந்த விண்ணப்பங்களின் மதிப்பெண்களைக் கேட்டார்கள். கழகம் மறுத்தது. கோர்ட்டுக்குப் போய், இவை பொது ஆவணங்கள் என்று தீர்ப்பு வாங்கினார்கள். விண்ணப்பித்தவர் 114 பேர், அதில் பெண்கள் 52. கிடைத்தது 20 பேருக்கு, அதில் பெண்கள் 4. வெளியிட்ட கட்டுரைகளை எடைபோட்டுப் பார்த்தபோது, ஒரு பெண் ஆணுக்குச் சமமான தகுதி மதிப்பெண் பெற அவனைப்போல் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. குழுவில் தெரிந்தவர் இருந்தால் அதற்கும் தனி மவுசு. 1997இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தபோது உலகமே திடுக்கிட்டது. பெண்கள் திடுக்கிட்டார்களா என்பது வேறு.

2009இல் வெளியான ஓர் ஆய்வு கே08, கே23 பெற்றவர்களையே பின்தொடர்ந்தது. பத்தாண்டுக்குள் ஆர்01 என்கிற சுதந்திர ஆய்வு நிதியை எட்டியவர்கள் ஆண்களில் ஏறத்தாழ 46 சதவீதம், பெண்களில் 36. இவர்கள் எல்லாருமே ஏற்கெனவே தேறியவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களில் பெரும்பான்மை பெண்கள் என்பதைச் சேர்த்து வாசித்தால் இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசம் குழந்தைகளின் தலையிலும் விடிகிறது.

நிறம் பற்றியது இன்னும் நுட்பமானது. 2011இல் கிந்தரும் குழுவினரும் 83,188 விண்ணப்பங்களைப் பரிசீலித்து, கல்வி, பயிற்சி, முந்தைய நிதி, வெளியீடு எல்லாவற்றையும் கழித்த பிறகும் கறுப்பு ஆய்வாளருக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிடப் பத்துப் புள்ளி குறைவு என்று காட்டினார்கள். 2019இல் தொடர்ந்த இன்னொரு ஆய்வு, அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்வால் வருகிறது என்றது. கறுப்பு ஆய்வாளர்கள் சமூக அளவில், மக்கள் தொகுதி அளவில் கேட்கிற கேள்விகளை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். யார் எழுதினாலும் அத்தலைப்புகளுக்குக் கிடைப்பது குறைவு. செல்லுக்குள், மூலக்கூறுக்குள் போகிற கேள்விக்கு வரவேற்பு அதிகம். ஆக விலக்கு நபரின் தோலில் மட்டுமில்லை, கேள்வியின் தோலிலும் இருக்கிறது. இந்த இடத்தை நண்பர்கள் நின்று வாசிக்க வேண்டும். சாதியைப் பற்றி நாம் பேசும்போது பெயரைத் தேடுகிறோம், தலைப்பைத் தேடுவதில்லை.

அந்நிய மருத்துவருக்கு இன்னொரு சுவர். கே08, கே23 இரண்டும் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்குத்தான். சென்னையிலோ மதுரையிலோ படித்து விசாவில் அங்கே குழந்தை மருத்துவம் பயில்கிறவர் இதற்கு விண்ணப்பித்துப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால் முதிர்ந்தவர்களுக்கான ஆர்01இல் இந்த நிபந்தனை கிடையாது. ஏணியின் மேல்படி திறந்திருக்கிறது, கீழ்ப்படியில் காவல். 2025இல் ஏணியே ஆடியது. மறைமுகச் செலவுகளை 15 சதவீதமாக வெட்டும் அறிவிப்பு அவ்வாண்டு பிப்ரவரியில் வந்து நீதிமன்றத்தில் தடைபட்டது. பன்முகத்தன்மை, பாலினம் போன்ற சொற்களோடு தொடர்புடைய பல நிதிகள் பாதியில் நிறுத்தப்பட்டன. மதிப்பீட்டாளர் தேடிய சொற்களை இப்போது தணிக்கையாளரும் தேடினார்.

இவ்வளவு சடங்கும் துல்லியமாகவாவது தேர்வு செய்கிறதா? 2018இல் நடந்த ஒரு சோதனையில் 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தபோது, ஒரே விண்ணப்பத்தைப் படித்த இருவருக்கிடையே ஏறத்தாழ உடன்பாடே இல்லை. அதே ஆண்டு நெதர்லாந்தில், தொடக்கநிலை நிதிக்கான கோட்டுக்குச் சற்று மேலே வந்தவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். தரத்தில் இருவரும் ஒன்று. ஆனால் மேலே வந்தவர்கள் அடுத்த எட்டாண்டில் இரண்டு மடங்குக்கு மேல் நிதி பெற்றிருந்தார்கள். தோற்றவர்கள் பலர் அதன்பிறகு விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டதும் ஒரு காரணம். ராபர்ட் மெர்ட்டன் 1968இல் மத்தேயுவின் பெயரால் அழைத்த விளைவு இதுதான்: உள்ளவனுக்கே கொடுக்கப்படும். நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுக் குழு 2013 முதல் ஒருவகை நிதியில், தகுதி பார்த்துத் தேறியவர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. பிரிட்டிஷ் அகாடமி 2022இல் சிறு நிதிகளுக்கு இதைத் தொடங்கியது. குடவோலை கண்ட நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

6

இந்தியாவுக்கு வந்தால் ஒரு குழந்தை மருத்துவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மகாராஜ் கிஷன் பான். தில்லி எய்ம்ஸில் 1985-86 வாக்கில், ரோட்டா வைரஸ் தொற்றியும் வயிற்றுப்போக்கே வராத பச்சிளங்குழந்தைகளை அவரும் சகாக்களும் கண்டார்கள். நோய் தராமல் காப்புத் தருகிற அந்த வைரஸ் ரகம் 116இ எனப்பட்டது. அதிலிருந்து தடுப்பு மருந்து செய்து, தில்லி, புனே, வேலூரில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2014இல் வந்தது. 2016இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. வார்டில் கண்ட ஓர் அதிசயத்துக்கும் சொட்டு மருந்துக்கும் நடுவே முப்பது வருஷம், ஐந்தாண்டுத் தவணையில் ஆறு. இடைப்பட்ட காலத்தில் பான் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலாளராக (2004-2012) இருந்தபோதுதான், 2008இல், அத்துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'இந்தியா அலையன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கின. மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களுக்கும் தொடக்கநிலையிலேயே சம்பளத்தோடு ஆய்வு நிதி தருவது அதன் வேலைகளில் ஒன்று. 2025 அக்டோபரில் இதன் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, ஆயிரம் அரசுடையது, ஐந்நூறு டிரஸ்டுடையது. மாணவப் பருவத்தில் என்றால் ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் குறுகியகால ஆய்வு உதவி இருக்கிறது. இரண்டு மாதம்தான், ஆனால் விண்ணப்பம் எழுதக் கை பழகும் முதல் இடம் பலருக்கு அதுதான்.

காசு இருக்கிறது, நேரம்? தென்மாவட்டமொன்றில் அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவர் ஒருவர் எனக்கு அறிவியல் இயக்க நாளிலிருந்து பழக்கம். போன வருஷம் ஓர் ஆய்வு நிதிக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கொண்டு வந்தார். "தோழர், இங்கிலீஷை ஒருதடவை பாத்துக் குடுங்க" என்றார். இங்கிலீஷில் குறையில்லை. அவருடைய கேள்வி எளிமையானது: கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு சேர்ந்து, எடை தேறி வீட்டுக்குப் போகிற குழந்தைகளில் சிலர் மட்டும் ஏன் ஆறு மாசத்துக்குள் திரும்பி வருகிறார்கள், சிலர் ஏன் வருவதில்லை. நிறுவனத் தலைவரின் கடிதத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வுக்கு என்ற இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, "நீ ஆராய்ச்சி பண்ணா ஓ.பி.ய யாரும்மா பாக்கறது?" என்றாராம் பெரியவர். அவரைக் குறை சொல்லவும் முடியாது, வாசலில் க்யூ நிற்கிறது. கடைசியில் 'தேவையான அளவு' என்று நிரப்பிக் கொடுத்தார். திருப்பி வந்த குறிப்பில் இரண்டு வரிதான் முக்கியம். நேர ஒதுக்கீடு தெளிவில்லை. நோயின் இயங்குமுறை பற்றிய கருதுகோள் தெளிவில்லை.

இரண்டாம் வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டார். குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்களை ஆராயும் பகுதி ஒன்றைச் சேர்த்தார், வேறொரு நகரத்து ஆய்வுக்கூடத்தைக் கூட்டாளியாக்கினார், அதற்கேற்றபடி தனக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினார். நேர ஒதுக்கீட்டுக்கு ஒரு டியூட்டி டாக்டரின் சம்பளத்தை வரவுசெலவுத் திட்டத்தில் போட்டார். அதைப் பார்த்த பிறகு பெரியவர் கடிதத்தில் மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு சந்தேகம். "டாக்டர், பழைய கேள்வி எங்க போச்சு?" என்றேன். "உள்ளதான் இருக்கு தோழர், மூணாவது நோக்கமா. கொஞ்சம் குனிஞ்சு உக்காந்திருக்கு."

நான் திருத்தியது ஒரே இடம். தாய்மார் மாதாமாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து போகும் செலவை அவர் வெட்டியிருந்தார். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, மதிப்பீட்டாளர் கேட்பாரே என்று பயம். அவருடைய வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மப்சல் பஸ்ஸில் வருகிறார்கள், அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த வரியைத் திரும்பச் சேர்த்தோம். 'பயணமும் இழந்த ஒருநாள் கூலியும்' என்று தலைப்பு. அதற்குப் பக்கத்தில் நியாயம் சொல்ல ஒரு சிறு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்று அன்று ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.